சுண்டுவிரல் கொண்டி

"கையைக் காட்டுங்கம்மா" என்றான் வெள்ளத்துரை.

டாக்டர் அற்புதமேரி இடது கையை நீட்டினார்.

"அது இல்லம்மா, மத்தது."

"மத்ததைப் பாத்து நீ என்ன பண்ணப்போற? நீ பூட்டு ரிப்பேர் பாக்குறவனா, எலும்புக்குக் கட்டுப் போடுறவனா?"

"பூட்டுதாம்மா. அந்த விசயமாத்தான் வந்திருக்கேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கருத்தம்மாள், அவன் பெண்சாதி, வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காலையில இருந்து இதே பேச்சுத்தான் டாக்டரம்மா. பஸ்ஸுலயும் இவுகளாப் பேசிக்கிட்டு, விரலை நீட்டி மடக்கிக்கிட்டே வந்தாக. கண்டக்டரு என்னையப் பாத்து, 'ஆசுபத்திரிக்கு ஒனக்கா, அவருக்கா'ன்னு கேட்டாரு."

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸெல்லாம் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பி, திருச்சுழி ரோட்டிலிருக்கும் அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் மேடு வந்த இடமெல்லாம் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. கருத்தம்மாளை மட்டும் இறங்கச் சொல்லவில்லை. அவளுக்கு எட்டு முடிந்து ஒன்பதாம் மாசம் பிறந்திருந்தது.

டாக்டரம்மா வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். ஐப்பசி மழையில், சீழ் வைத்த ஒரு வயிற்றை அறுத்துத் தைக்கும்போது ஊசி அவர் கட்டைவிரலில் குத்திவிட்டது. விரல் வீங்கி, மணிக்கட்டுவரை சீழ் ஓடி, கையே போய்விடும் போலிருந்தது. டாக்டரம்மா படுத்துக்கொண்டே சொல்லச் சொல்ல, நர்ஸ் பிலோமிதான் அழுதுகொண்டே கீறிவிட்டாள். கை பிழைத்தது. கட்டைவிரல் மட்டும் மடங்காமல் முளைக்குச்சி மாதிரி நின்றுபோனது. அன்றிலிருந்து ஆபரேஷன் அறை பூட்டிக் கிடக்கிறது.

"இவளுக்கு வயித்தை அறுத்துத்தான் புள்ளையை எடுக்கணும். கத்தி பிடிக்கிறதுக்கு இந்த விரலு விறைப்பா நின்னாப் போதும். அதுல குறையில்ல. தையல்தான் வராது" என்றவர், மேஜையிலிருந்து கத்தரிக்கோல் மாதிரி ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "இதுதான் ஊசியைக் கவ்வுற இடுக்கி. ஒரு வளையத்துல கட்டைவிரலு, மத்ததுல மோதிரவிரலு. கவ்வினதும் பூட்டிக்கிடும். திறக்கணும்னா கட்டைவிரலால தள்ளி விலக்கணும். எனக்குத் தள்ள வராது. வயித்தைத் திறந்து வச்சுட்டு, ஊசியை விட முடியாம நிக்கலாமா? அதனாலதான் மதுரையில ஒரு நல்ல டாக்டர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் முன்கூட்டியே போய் அங்க தங்கிடுங்க."

"நான் போகமாட்டேன்" என்றாள் கருத்தம்மாள்.

"ஆரம்பிச்சுட்டா" என்றாள் பிலோமி, பஞ்சு சுருட்டிக்கொண்டே. "இவ இடுப்பு சின்னது, பிடிவாதம் பெருசு."

"இருக்கட்டும் சிஸ்டர். மொத ரெண்டும் வீட்டுலயே போச்சு. மூணாவதுக்கு மதுரைக்குன்னுதான் வண்டி கட்டினோம். காரியாபட்டி போய்ச் சேரல, உள்ள துடிச்சுக்கிட்டு இருந்தது நின்னுருச்சு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இவுககிட்ட ஒண்ணும் சொல்லாம, வண்டியைத் திருப்புங்கன்னேன். இங்கதான் வந்தேன். என்னைய எந்திரிச்சு நடக்க வச்சது டாக்டரம்மா கைதான். அந்த ரோட்டுல இன்னொரு தடவ நான் போகமாட்டேன்."

"ஏ புள்ள, அந்தக் கைதான் செத்துப்போச்சேடி" என்றார் டாக்டரம்மா.

"செத்தது ஒரு விரலுதான?"

கருத்தம்மாள் மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து, கோபத்தோடு ஒரு கொட்டைப்பாக்கை வைத்து நறுக்கென்று வெட்டினாள்.

டாக்டரம்மா அதையே பார்த்தார். "இன்னொண்ணு வெட்டு."

"ஒங்களுக்கா? நீங்க வெத்தலை போட மாட்டீகளே?"

"வெட்டுடி, சொல்றேன்."

வெட்டினாள்.

"வெள்ளத்துரை, பாத்தியா? கட்டைவிரலு சும்மா மேல படுத்துக் கெடக்கு. வேலை முச்சூடும் உள்ளங்கையும் நாலு விரலும்தான். வளையமே வேண்டாம். இந்த மாதிரி ரெண்டு கால் வச்சு, உள்ளங்கையில அடக்கிப் பிடிச்சா?"

அவன் எழுந்தே விட்டான். "அதேதாம்மா நானும் யோசிச்சேன், கால் எப்படி வைக்கிறதுன்னுதான் பிடிபடல. பெட்டிப் பூட்டுல ஒரு தினுசு இருக்கு. ஒரு அமுக்கு அமுக்கினாக் கொண்டி விழுந்து கவ்விக்கிடும். அதுக்கு மேல இன்னொரு அமுக்கு அமுக்கினா நழுவி விட்டுரும். விரலை விலக்கவே வேண்டாம்."

"கவ்வுறதுக்கும் அமுக்கு, விடுறதுக்கும் அமுக்கா?"

"ஆமாம்மா."

"இரு, இரு. ஊசி சதைக்குள்ள இருக்கும்போது தெரியாம ரெண்டாவது அமுக்கு விழுந்துட்டா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அதுக்கு உள்ள இருக்கிற ஸ்பிரிங்கை விறைப்பா வைக்கணும்."

"ரொம்ப விறைப்பா வச்சா என் கை வலிச்சுப்போகும்."

"செஞ்சுதாம்மா பாக்கணும்."

டாக்டரம்மா உடைந்துபோன பழைய ஆஸ்பத்திரிக் கத்தரிகளையும் இடுக்கிகளையும் ஒரு வாளியோடு எடுத்துக் கொடுத்தார். துருப்பிடிக்காத எஃகு, அந்தக் காலத்தில் எங்கேயும் வாங்க முடியாது. கருத்தம்மாளிடம் திரும்பினார். "நல்லாக் கேட்டுக்க. இவன் செஞ்சு கொண்டாந்ததும் ஆட்டு இரைப்பைல தைச்சுப் பாப்பேன். ஊசி நழுவுச்சுன்னா நீ மறுபேச்சு இல்லாம மதுரைக்குப் போகணும். சம்மதமா?"

"சம்மதம்."

"நழுவாதுங்கிற தைரியமா?"

"ஒங்களையும் தெரியும், இவுகளையும் தெரியும்" என்று பாக்கை வாயில் போட்டுக்கொண்டாள்.

கிளம்பும்போதுதான் வெள்ளத்துரை முதலில் கேட்டதையே மறுபடியும் கேட்டான். "கை அளவு வேணும்மா." டாக்டரம்மா முந்தானையை விலக்கிக் கையை மேஜைமேல் வைத்தார். அவன் கிட்டே வரவில்லை. இரண்டடி தள்ளி நின்று, பிலோமியிடமிருந்து சிலேட்டும் குச்சியும் வாங்கி மேஜை ஓரத்தில் வைத்தான். "இதுமேல கையை வச்சு, நீங்களே சுத்திக் கோடு போட்டுக் கொடுங்க."

அவர் இடது கையால் கோணல்மாணலாகக் கோடு இழுத்துக் கொடுத்தார். அவர்கள் போனதும் கையை மறுபடியும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். பிலோமி அதைப் பார்த்தாள்.

தை முடிவதற்குள் கருவி வந்துவிட்டது. வெள்ளத்துரை அதைப் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து மெருகேற்றியிருந்தான்.

"காதுல போட்டுக்கிடலாம் போல இருக்கே" என்றாள் பிலோமி.

ஆட்டு இரைப்பையைப் பலகையில் விரித்துக் குண்டூசி அடித்திருந்தார்கள். டாக்டரம்மா வளைந்த ஊசியைக் கவ்வினார். 'டிக்'. ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. இன்னொரு அமுக்கு. 'டிக்'. விட்டுவிட்டது.

"ஆடு பொழைச்சுக்கிடும்" என்றாள் பிலோமி.

அடுத்ததும் சரியாக வந்தது. அதற்கடுத்ததில் கொண்டி விடவில்லை. டாக்டரம்மா பல்லைக் கடித்து அமுக்கினார். கருவி உள்ளங்கையில் வழுக்கித் திரும்பியது, ஊசி இரைப்பையைக் கிழித்துக்கொண்டு தரையில் போய் விழுந்தது.

அவர் கருவியைப் பலகையில் வைத்துவிட்டு, விரல்களை உதறிக்கொண்டார். குரல் மெதுவாக வந்தது. "இது வயித்துக்குள்ள நடந்திருந்தா என்ன ஆகும் கருத்தம்மா? சொன்ன சொல்லு சொன்னதுதான். ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு மதுரைக்குப் போங்க."

கருத்தம்மாளின் கண் நிரம்பிவிட்டது. ஆனால் அவள் டாக்டரம்மாவிடம் பேசவில்லை, புருஷனிடம் திரும்பினாள். "ஏங்க, நீங்க அவுக கையைப் பிடிச்சுப் பாத்தீகளா?"

"சிலேட்டுல கோடு போட்டுக் கொடுத்தாகள்ல."

"நான் கேட்டது அது இல்ல. சிலேட்டுல கை விரிஞ்சுல்ல கெடக்கும்? மடக்கிப் பிடிக்கிற கைக்கு அது என்ன அளவு?"

"டாக்டரம்மா கையை நான் எப்படிப் புள்ள பிடிக்கிறது?"

"ஏன், வளவிக்காரரு பிடிக்கலையா? ஊருப் பொம்பளைக கையெல்லாம் பிடிச்சுத்தான போட்டுவிடுறாரு?"

"அவரு வளவிக்காரரு. நான் பூட்டுக்காரன்."

பிலோமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதனாலயா அன்னைக்குத் தள்ளி நின்ன?"

"பின்ன என்னம்மா?"

"நான் வேற நெனச்சேன்." அவர் கட்டைவிரலைப் பார்த்தார். தழும்பு விழுந்து, தோல் பளபளத்து, நகம் கறுத்திருந்தது. "இதைப் பாத்து நீ அருவருத்துட்டன்னு. போன மாசம் ஒரு பொம்பளைக்கு மாத்திரை நீட்டினேன். 'நர்சம்மா கையால கொடுக்கச் சொல்லுங்க'ன்னுட்டா."

வெள்ளத்துரை துண்டை எடுத்துத் தோளில் போட்டான், மறுபடியும் எடுத்தான். "அம்மா, இவளை எனக்குத் திருப்பிக் கொடுத்த கையி அது. அதைப் போயி இரும்பைத் திருப்பிப் பாக்குற மாதிரிப் பிடிச்சுப் பாக்க எனக்கு மனசு வரலம்மா. அம்புட்டுத்தான்."

"அடப் பாவி" என்றார் டாக்டரம்மா. "மரியாதை நல்லதுதான். ஆனா நான் நோயாளியைத் தொடாம மரியாதையாத் தள்ளி நின்னு வைத்தியம் பாத்தா வெளங்குமா? இந்தா, பிடி."

அவன் பெண்சாதியைப் பார்த்தான்.

"பிடிங்களேன். நானே சொல்றேன்ல" என்றாள் கருத்தம்மாள்.

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பிடித்தான். அரம் பிடித்துக் காய்த்த கை. நாடி பார்ப்பதற்காக ஊரில் எத்தனையோ கைகளைப் பிடித்திருந்த டாக்டரம்மாவுக்கு, தன் கையை இன்னொருவர் இப்படி நிதானமாகப் பிடித்துப் பார்ப்பது புதிதாக இருந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என் விரலை ஒவ்வொண்ணா அமுக்குங்கம்மா. ஆள்காட்டி விரலால. ம், இதுல பலமே இல்ல."

"தழும்பு இழுக்குது."

"நடுவிரலு. பரவால்ல. மோதிரவிரலு. சரி, சுண்டுவிரலு... யம்மா!"

"வலிக்குதா?"

"ஒங்களுக்கா வலிக்குது? எனக்குத்தாம்மா வலிக்குது!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டாக்டரம்மா சட்டென்று சிரிப்பை நிறுத்தி, தன் முழங்கையின் உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "அட, ஆமா. கடைசி ரெண்டு விரலுக்கும் நரம்பு இந்த வழியா வருது. சீழ் ஓடினது கட்டைவிரலு பக்கம். இது தப்பிச்சிருக்கு. படிச்சதுதான், ஆனா என் கையின்னு வந்ததும் நான் செத்த விரலையே பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன்."

"நானும் அப்படித்தாம்மா. கொண்டியைக் கட்டைவிரலு பக்கம் வச்சுட்டேன். எல்லாப் பூட்டுலயும் அங்கதான வைப்போம்? இனி பிடியோட வால் பக்கம் கொண்டுபோய்ச் சுண்டுவிரலுக்கு அடியில வைக்கிறேன்."

"மெருகையும் எடுத்துரு. இரத்தம் பட்டா இன்னும் வழுக்கும். குறுக்க வரி வரியா அரம் போட்டுக் கொண்டா."

"பிடிக்கு மெழுகுல அச்சு எடுக்கணும். மெழுகு இருக்கா சிஸ்டர்?"

பிலோமி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், மாதா கோயிலில் ஏற்றுவதற்கு வைத்திருந்த மெழுகுவர்த்திகளை எடுத்து வந்தாள். "இருந்தது இம்புட்டுத்தான். பரவால்ல, மாதா கோவிச்சுக்கிட மாட்டாக. அவுகளும் புள்ள பெத்தவுகதான்."

வெதுவெதுப்பான மெழுகு உருண்டையை டாக்டரம்மா உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்தார். விரல்கள் பதிந்தன. கட்டைவிரல் மட்டும் எதையும் தொடாமல் தனியாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் அவர்கள் இல்லாமலே போயிற்று. வெள்ளத்துரை இரண்டாவது கருவியைச் செய்துகொண்டு வந்தான். பார்க்க அழகாக இல்லை. வரி வரியாக அரம் போட்டு, முதலை முதுகு மாதிரி இருந்தது. டாக்டரம்மா மறுபடியும் இரைப்பையை விரித்தார். ஒரு வரிசை தைத்தார், அதைப் பிரித்துவிட்டு இன்னொரு வரிசை தைத்தார். தண்ணீரில் நனைத்துத் தைத்தார், எண்ணெய் தடவித் தைத்தார். ஊசி நழுவவில்லை. கருத்தம்மாள் தையலைக் கிட்டே குனிந்து பார்த்து, "என் ரவிக்கைகூட இப்படி நெருக்கமாத் தைக்கல" என்றாள்.

"உன்னைய ரவிக்கை மாதிரித் தைக்க மாட்டேன்டி, பயப்படாத. இங்கயே படுக்கையைப் போடு. பக்கத்துலயே இரு" என்றார் டாக்டரம்மா.

மாசிக் கடைசியில், காடெல்லாம் பருத்தி வெடித்துக் கிடந்த ஒரு காலை நேரம், கருத்தம்மாளுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் போட்டுக் கொதிக்க வைத்தால் வெள்ளைப் பொருக்கு படிந்து கொண்டி இறுகிவிடும். வெள்ளத்துரை ஊருணிக்கு ஓடி, காவடி கட்டி இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்தான். பிலோமி கருவியை அதில் போட்டு அடுப்பில் ஏற்றினாள்.

"இனி நீ உள்ள வரக்கூடாது. அந்த ஜன்னலுக்கு அடியில போய் உக்காந்துக்க" என்றாள்.

உட்கார்ந்தான். ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. ஒன்றும் தெரியாது, கேட்கத்தான் முடியும்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டிருந்தார்கள். கருத்தம்மாளுக்கு நினைவு நன்றாகவே இருந்தது. நெஞ்சுக்கு நேராகக் கட்டிய துணித் திரைக்கு இந்தப் பக்கமிருந்து பேசிக்கொண்டே இருந்தாள்.

"டாக்டரம்மா, அறுத்துட்டீகளா?"

"அப்பவே."

"எனக்குத் தெரியவே இல்லையே?"

"தெரிஞ்சா கத்த மாட்டியா? பேசாம இரு. சிஸ்டர், பிடிங்க. இழுத்துப் பிடிங்க. தலை வருது."

ஜன்னலுக்கு வெளியே வெள்ளத்துரை இரண்டு கையையும் கோத்துக்கொண்டான். தண்ணீர் சிந்தும் சத்தம். ஆஸ்பத்திரி ஆயாவைக் கூப்பிடும் பிலோமியின் குரல், "ஆயா, துணி!" அப்புறம் முதுகில் தட்டும் சத்தம். ஒரு தட்டு. இன்னொன்று.

அதற்கப்புறம் அந்த அழுகை. பூனை மாதிரி மெல்லியதாகத் தொடங்கி, மூச்சு வாங்கி, சண்டைக்கு வருகிற மாதிரி ஆயிற்று.

"பொம்பளப் புள்ள" என்றாள் பிலோமி. "சத்தத்தைப் பாரு, ஒன்னையேதான் உரிச்சு வச்சிருக்கு."

முதல் தடவையாகக் கருத்தம்மாள் பேச்சை நிறுத்தியிருந்தாள்.

"இனிமேத்தான் வேலை" என்றார் டாக்டரம்மா. "இரத்தம் வருது. ஊசியைக் கோத்துக் கொடுங்க."

'டிக்'. கொஞ்சம் பொறுத்து, 'டிக்'. வெள்ளத்துரைக்கு எது கவ்வுகிற சத்தம், எது விடுகிற சத்தம் என்று தெரியும். கவ்வுவது கெட்டியாக விழும், விடுவது கொஞ்சம் இழுக்கும். அவன் உதடு கூடவே அசைந்தது. கவ்வு. விடு. கவ்வு. விடு.

நின்றுவிட்டது.

அவன் காத்திருந்தான். துணி லேசாகக் காற்றில் ஆடியது. சத்தம் வரவில்லை.

"டாக்டரம்மா?" பிலோமியின் குரல் மாறியிருந்தது. "ஏய்யா வெள்ளத்துரை! கொண்டி இறுகிப்போச்சா?"

"இல்ல சிஸ்டர்!" அவன் எழுந்து நின்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். "கடைசியா விட்ட சத்தம் கேட்டுச்சு. கொண்டி திறந்துதான் இருக்கு. அவுக கைதான் அசந்திருக்கு."

"சரியாத்தான் சொல்றான்" என்றார் டாக்டரம்மா. இடது கையால் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தொங்கவிட்டபடி நின்றார். விரல்கள் இறுகி, விரியாமல் நடுங்கின. "சதை பிடிச்சுக்கிடுச்சு. இரத்தத்தை அமுக்கி வச்சிருக்கேன். பயமில்ல. கொஞ்சம் பொறுக்கணும்."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து கருத்தம்மாள் பேசினாள். "மெதுவாத் தைங்க டாக்டரம்மா. நான் எங்கயும் போகல."

பிலோமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஒருத்தி வயித்தைத் திறந்து போட்டுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?"

"வேற என்ன சிஸ்டர் செய்யச் சொல்றீக? எந்திரிச்சு வந்து கையை நீவியா விட முடியும்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். சிரித்ததில் தோள் தளர்ந்தது, தோள் தளர்ந்ததும் விரல்களும் ஒவ்வொன்றாக விரிந்தன. இரண்டு தடவை மடக்கி நீட்டினார். கருவியைக் கையில் அடக்கினார்.

'டிக்'.

வெளியே வெள்ளத்துரை மறுபடியும் உட்கார்ந்தான். இந்தத் தடவை அவன் உதடு அசையவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். சத்தம் மட்டும் நிற்காமல், அவசரமில்லாமல் வந்துகொண்டே இருந்தது. கவ்வியது. விட்டது. கடைசியில் கத்தரி நூலை வெட்டுகிற சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா டாக்டரம்மா?"

"முடிஞ்சுது. இரத்தம் நின்னுருச்சு. நாடி நல்லா இருக்கு. ஒரு வாரம் காய்ச்சல் வராமப் பாத்துக்கிட்டாப் போதும்."

பிலோமி குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, கருத்தம்மாளின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வைத்தாள். "இந்தா, பிடி."

கருத்தம்மாள் கையைத் தூக்கினாள், எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நிறுத்தினாள். பிறகு ஒரு விரலால் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள். மறுபடியும் தொட்டாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"சிஸ்டர், புள்ளைக்குக் காய்ச்சல் அடிக்குது."

"என்னது?"

"தொட்டுப் பாருங்க, சுடுது. டாக்டரம்மா, இங்க வாங்களேன். உடம்பு சுடுது."

பிலோமி ஏதோ சொல்ல வாயெடுத்து, குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். இதற்கு முன்னால் கருத்தம்மாள் தொட்ட மூன்றும் சில்லென்று இருந்தவை.

டாக்டரம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, குழந்தையின் நெஞ்சில் கை வைத்தார். நிதானமாகப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்ல கருத்தம்மா. புள்ளன்னா இப்படித்தான் சூடா இருக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

கருத்தம்மாள் குழந்தையை இன்னும் கொஞ்சம் கழுத்தோடு ஒட்டிக்கொண்டாள். "அப்பச் சரி" என்றாள். ஜன்னல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க, கேட்டீகளா? சூடா இருக்கு."